தராசுத் தட்டில் வைத்த பொட்டு

என் மச்சான் இந்தக் கதையை இப்போது வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் கதையில் அது ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. காற்றில் ஈரம் ஏறி தோட்டா மருந்து கெட்டுப்போய்விட்டது. இதை சிரம்பான் பக்கம் மந்தினில் அவனுடைய லாரி பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறான், கல்யாண வீடுகளில் சொல்கிறான், என் மனைவியிடமும் சொல்லி அவளை நம்ப வைத்திருக்கிறான்.

அது வியாழக்கிழமை. விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜை. வியாழன் அன்று மழை இல்லை; அம்பாங்கானில் எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போட்ட துணியைப் பத்து மணிக்கே மடித்து வைத்துவிட்டோம். ஈரம் ஏறிய மருந்து துப்பாக்கியை மந்தமாக்குமே ஒழிய வெடிக்க வைக்காது. ஒரு பொய்க்குள் மூன்று பொய். நாள் கிழமைகளை மறக்காத பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வேறு எதிலும் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஒருவன் கிழமையை மாற்றிச் சொல்கிறான் என்றால் அடுத்து எதையோ மாற்றப் போகிறான் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் மந்தினைத் தாண்டி ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்த இடத்தில்தான் எங்கள் கார்களை நிறுத்துகிறோம். இந்தப் பக்கத்து மேட்டிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மேட்டிலிருக்கும் இலக்கைச் சுட வேண்டும். நடுவில் தோட்டத்துப் பாதை ஒன்று ஓடுவதால், பனங்குலை ஏற்றிய லாரி வரும்போதெல்லாம் சிவப்புக் கொடி ஏறும், சுடுவது நிற்கும். லாரியோடு வரும் மேற்பார்வையாள், மண்டோர், கையைக் காட்டிவிட்டுப் போன பிறகு மறுபடியும் தொடங்கும்.

தூரச் சுடுதலில் கடைத் தோட்டா உதவாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு மருந்தளவு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் குண்டுகள் சிதறுவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்தத் துப்பாக்கியின் இடம். அதையும் தாண்டினால் சுட்டு முடித்த பித்தளைக் கூடு நம்மோடு பேச ஆரம்பிக்கும்: அடிப்பக்கம் பளபளவென்று தேயும், துப்பாக்கியைத் திறந்து மூடும் போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கும். அந்தப் பேச்சு கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதைத்தான் நாங்கள் லோட் பார்ப்பது என்போம். கிளப்புக்குக் கொடுத்த லைசென்ஸ்படி மருந்து, கிளப்பில் அதற்கென்று இருக்கும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பெயர் பதிந்த இரண்டு பேர் மட்டுமே அந்த அறையில் தோட்டா கட்டலாம். ஒருவன் நான். இன்னொருவன் என் மனைவியின் தம்பி.

அந்த வருடம் நான் லோட் பார்த்தது ஒரு டீச்சருக்காக. சி ரூசா பக்கம் தமிழ்ப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறவர். கிறிஸ்தவக் குடும்பம், அப்பா தோட்டத்தில் காவலாளியாக இருந்தவர். எங்கள் கிளப்பில் அவரைப் போல் காற்றைப் படிக்கிறவர் யாரும் இல்லை. பனை மட்டை அசைவதைப் பார்ப்பார், புல்லைப் பார்ப்பார், மூச்சை விடுவார், சுடுவார். மாநில அணித் தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. அவர் துப்பாக்கி கிளப்பின் பெயரில் இருந்தாலும் குழல் அவருக்காகவே கடைந்தது. அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. வேறொரு தோட்டாவின் கூட்டை வாங்கி, கழுத்தை ஒடுக்கி, நாங்களே கட்ட வேண்டும். எங்கள் அறை திறந்திருந்தால் அது துப்பாக்கி. மூடினால் அது இரும்புத் தடி.

மார்ச்சில் தொடங்கினேன். ஜூன் வரைக்கும் ஒன்றும் சரிவரவில்லை. ஹரி ராயா பெருநாள் கழிந்து, பள்ளி விடுமுறை கழிந்து, ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை, எதிர் மேட்டு அட்டையில் ஐந்து குண்டும் ஒரு டுரியான் பழக் கொட்டை அளவுக்குள் விழுந்தன. டீச்சர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்:

"அண்ணே, இது நானா உங்க மருந்தா?"

"ரெண்டும்லா டீச்சர்."

"அப்ப இதத் தொடாதீங்க. இனிமே ஒரு மணி மருந்து கூட்டாதீங்க, கொறைக்காதீங்க."

தொடவில்லை. அந்த அளவு எல்லைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம். தராசைத் தொடுவதற்கு முன்னால் சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும், தோட்டாப் பெட்டியில் ஒவ்வொரு வரிசை நிரம்பியதும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அறையின் விதி. நான் எழுதி ஒட்டியது. தேர்வுக்கான தோட்டாக்களை டீச்சரை உட்கார வைத்துக்கொண்டு விஜயதசமிக்கு அடுத்த வாரச் சனிக்கிழமை கட்டுவதாக இருந்தோம்.

மச்சானால் அந்தச் சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. விஜயதசமியில் தொடங்கினால் ஜெயிக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமை பட்டறையில் ஸ்பேனர், ஜாக், வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டுவிட்டு, சாயங்காலம் கிளப்புக்கு வந்து அறையிலிருந்த சாமான்களுக்கும் போட்டிருக்கிறான். தோட்டா அழுத்தும் இயந்திரத்துக்குப் பொட்டு. தராசுக்குப் பொட்டு. எடைக்கற்களைப் பெட்டியோடு எடுத்து சாமி படத்துக்கு முன்னால் பொரி கடலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். மறுநாள் காலை மறுபூஜை. தராசுத் தட்டின் அடியில் புதிதாகச் சந்தனம் குழைத்து, பட்டையாக, நடுவில் குங்குமம் வைத்து, ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தராசில் ஏற்றி பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, கட்ட ஆரம்பித்திருக்கிறான். எடைக்கல் சாமியிடம் இருந்தது. மத்தியானம் வரை அதை எடுக்கக் கூடாதாம்.

ஈரச் சந்தனத்துக்கு எடை உண்டு. காய்ந்தால் அந்த எடை போய்விடும். காய்ந்தது உதிரவும் செய்யும். தட்டு இலேசாக ஆக ஆக, தராசு அதே எண்ணைக் காட்ட அதிக மருந்து போட வேண்டியிருக்கும். அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது அன்று காலை அவன் கட்டிய ஒவ்வொரு தோட்டாவிலும் அதற்கு முந்தினதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மருந்து. தட்டைத் தூக்கினால் தராசு கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் மாறவே கூடாது. காலை முழுக்க அது அவன் கண் முன்னால் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் கைப்பேசியில் பக்திப் பாட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவனே சொன்னான், பெருமையாக.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் மச்சான் தோட்டாப் பெட்டியை நீட்டினான்.

"மாமா, ஒங்க வேலைய கொறைச்சிட்டேன். நல்ல நாள்ல கட்டுனது."

"யார் ஒன்ன கட்டச் சொன்னா?"

"ஏன், என் பேரும்தான லைசென்ஸ்ல இருக்கு? நான் என்ன புதுசா?"

"எடைக்கல் வெச்சுப் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சுலா. டீச்சர், இவரு கலியாணத்தன்னிக்கே தாலிய எட போட்டுப் பாத்த ஆளு."

டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் மூன்றை, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆகஸ்ட்டில் வந்த அதே வேகம். சரியாகத்தானே இருக்கும்? முதல் வரிசை சந்தனம் ஈரமாக இருக்கும்போது கட்டியது.

டீச்சர் எதையும் வரிசை கலைக்காமல் எடுப்பவர். இரண்டாம் வரிசை முடியும்போது, "போல்ட் லேசா கனக்குதுண்ணே" என்றார். நிறுத்துங்கள் என்று நான் எழுவதற்குள் குலை லாரி வந்து கொடி ஏறியது; எப்படியும் சுடுவது நின்றதே என்று, சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்கக் குனிந்துவிட்டேன். கொடி இறங்கியதும், பாதி அழுத்தத்தில் விட்டிருந்த விசையை முடித்துவிடுவது போல, அவர் இன்னொன்றைச் சுட்டுவிட்டார். சத்தமே வேறாக இருந்தது. போல்ட்டின் இடுக்கு வழியாகப் புகை பின்னால் பீறிட்டது. டீச்சர் துப்பாக்கியைக் கீழே போடவில்லை. மெதுவாக மணல்மூட்டையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம்.

கண்ணாடி போட்டிருந்தார். அதன் வலது பக்கம் பித்தளைத் துகள் பட்டுப் பொரிந்துபோயிருந்தது. சிரம்பானில் மருத்துவர் கன்னத்திலிருந்து துகள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். வெளியே நாற்காலியில் மச்சான் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். மருத்துவர் சொன்னதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினான்.

"பாத்தீங்களா மாமா? அந்த லோட்டுக்குக் கண்ணே போயிருக்கணும். பூஜ போட்டுக் கட்டுனதுனால தப்பிச்சிச்சு."

அப்போது எனக்குச் சந்தனத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை கிளப் தலைவரோடு போய் அறையைத் திறந்தேன். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். தராசின் கீழே விரித்திருந்த கறுப்பு ரப்பர் விரிப்பில் மஞ்சள் செதில்கள். தட்டைத் திருப்பினேன். அடியில் பாதிச் சந்தனம் வெடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, மீதி இல்லை. தலைவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சியாப்பா யாங் திம்பாங்?" என்று கேட்டார். எடை போட்டது யார்? அவ்வளவுதான் கேட்டார். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் அறையைப் பூட்டிவிட்டார். புதன்கிழமை கமிட்டி கூடும், அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மனைவி எனக்குக் குழம்பு ஊற்றாமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்தத."

"மருந்து சரியில்லன்னு சொல்லிட்டுப் போங்களேன். மருந்துக்கு என்ன, வாயா இருக்கு?"

"மருந்து சரியில்லன்னா லோட் தப்புன்னு ஆயிரும். லோட் தப்புன்னா டீச்சருக்குத் தேர்வு இல்ல."

"அவன் பொட்டு வெச்சுதான் கெட்டுப்போச்சுன்னு அத்தன பேரு முன்னால சொல்லுவீங்களா? நம்ம சாமிய அவங்க சிரிக்கிற மாதிரி?"

"சாமி எடைக்கல்ல எடுக்க வேணாம்னு சொல்லிச்சா?"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அந்தப் பயம் புரியாமல் இல்லை. அந்தக் கிளப்பில் நாங்கள் தமிழர்கள் ஒரு மேசைக்குள் அடங்குகிறவர்கள்தான். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் நாளைக்கு என்ன கேலி பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு என் மச்சானுக்கு எந்த உரிமையும் கிடையாது. என் வீட்டு மோட்டாருக்கு வருடா வருடம் நானும் பொட்டு வைக்கிறவன்தான். மோட்டாரை நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தி வைப்பதற்குத்தான் அந்தப் பூஜை. மத்தியானம் வரை ஓய்வு கொடுக்க வேண்டிய தராசைக் கல்லும் இல்லாமல் ஓட்டிவிட்டு, பழியை மட்டும் மழை மேல் போட அவன் யார்?

புதன்கிழமை கமிட்டியில் நான் நடந்ததைச் சொன்னேன். மலாயில்தான் சொன்னேன். மச்சான் எழுந்தான்.

"தட்ட நான் கழுவிட்டுத்தான் தொடங்குனேன். சந்தனம் அதுக்கப்பறம் வெச்சது. மாமா லோட்ட எல்லைக்கு மேல ஏத்திட்டாரு. ஊர் பேசும்னு இப்ப என் மேல திருப்புறாரு."

என்னைப் பார்க்காமல் சொன்னான். இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டில் சாப்பிடுகிறவன்.

கன்னத்தில் பிளாஸ்டரோடு டீச்சர் கடைசி நாற்காலியில் இருந்தார். மிச்சத் தோட்டாப் பெட்டியைத் தலைவர் முன்னால் வைத்து, பிரித்து எடை பாருங்கள் என்றார். தலைவர் அனுமதித்து, தானே அறையைத் திறந்துவிட்டார். எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்தேன். மச்சானையும் எட்டிப் பார்க்கச் சொன்னேன். குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிக் கொட்டி நிறுத்தோம். முதல் வரிசையில் மிச்சமிருந்தது சரியாக இருந்தது. அதற்கடுத்தது கூடுதல். அதற்கடுத்தது இன்னும் கூடுதல். கடைசி வரிசையில் இருந்ததைத் தராசில் போட்டபோது தலைவர் குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அந்தத் தோட்டாவைச் சுட்டிருந்தால் கண்ணாடி எதற்கும் உதவியிருக்காது.

டீச்சர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, லோட் தப்புன்னா எல்லாம் ஒரே மாதிரி தப்பா இருக்கணும். இது ஏறிக்கிட்டே போவுது. எங்க பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புக் கணக்கு இது."

"உங்களுக்காக வெள்ளிக்கிழம அர்ச்சன போட்டிருக்கேன் டீச்சர்," என்றான்.

"எனக்கு அர்ச்சன வேணாம். 'நான்தான்'னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

லோட் சரி என்று தலைவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஆளுக்குக் காயம் ஆகியிருப்பதால் போலீஸ் அதிகாரி வந்து பார்க்காமல் தோட்டா கட்ட அறையைத் திறக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மூன்று தடவை போய்க் கேட்டேன். அதிகாரிக்குத் தேதி கிடைத்தது டிசம்பரில். தேர்வு நவம்பரில். துப்பாக்கியில் கூட்டை இழுக்கும் கொக்கி மாற்றியாகிவிட்டது, குழல் பழுதில்லை என்று சான்று வந்துவிட்டது, டீச்சரின் கன்னம் ஆறிவிட்டது. கட்ட மட்டும் முடியாது.

தேர்வன்று டீச்சர் வந்தார். இலக்கு அட்டை மாற்றும் குழியில் ஆள் குறைவு என்று அங்கே போய் நின்றுகொண்டார். மற்றவர்கள் சுட்ட ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டினார். அணியில் கடைசி இடம் பிடித்தவரின் அட்டையை என்னிடம் காட்டினார். அந்த அட்டை அவர் வழக்கமாகப் பயிற்சிக்குச் சுடுவதைவிட மோசமாக இருந்தது.

அதிகாரி வந்தார், பார்த்தார், அறை திறந்தது. ஜனவரி முதல் ஞாயிறு கமிட்டியில் டீச்சர் ஒரு விண்ணப்பம் வைத்தார்: இனி தன் தோட்டாவைத் தானே கட்ட வேண்டும், தன் பெயரைப் பதியுங்கள். தலைவர் லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். இரண்டு பெயர்தான். ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏறலாம்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் ஏன் எறங்கணும்?" என்றான். "எறங்குனா தப்பு என்னுதுன்னு ஆயிரும்லா."

"அது உன்னுதுதான்," என்றேன்.

"அப்ப ஓட்டெடுங்க."

அவனை ஓட்டெடுத்து நீக்கலாம். ஆனால் அதற்கு ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும், அது ஜூலையில். யார் போட்ட அளவையும் நம்பாமல் லோட்டை முதலிலிருந்து பார்க்க டீச்சருக்கு எத்தனை மாதம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தேர்வும் கைவிட்டுப் போகும். இதை அவனும் கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன்.

நான் பேனாவை வாங்கி என் பெயரை அடித்தேன்.

டீச்சர், "அண்ணே, வேணாம்," என்றார். தலைவர் ஒரு நிமிடம் காத்திருந்தார், நான் மாறுவேனா என்று. பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெருந்தன்மை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கோபத்தில்தான் அடித்தேன், இப்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. பதினோரு வருடமாக நான் உட்கார்ந்த நாற்காலி. அவன் பெயர் அதே காகிதத்தில் முதல் இடத்துக்கு ஏறிவிட்டது. ஆனாலும் டீச்சர் கட்டுகிற நாட்களில் அவன் உள்ளே வருவதில்லை; எடைக்கல் பெட்டியை அவர் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார்.

சனிக்கிழமைகளில் நான் போகிறேன். லைசென்ஸ்படி நான் கதவைத் தாண்டக் கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே இயந்திரத்தின் கைப்பிடி இறங்கும் சத்தம் கேட்கும், நிற்கும், எடைக்கல்லைத் தட்டில் வைக்கும் சின்னச் சத்தம் கேட்கும், மறுபடியும் கைப்பிடி. போன வாரம் டீச்சர் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்.

"அண்ணே, ஆகஸ்ட்ல நீங்க போட்ட அளவுல இருந்து ஒரு படி கீழ தொடங்கட்டுமா?"

"ரெண்டு படி கீழ தொடங்குங்க," என்றேன். "யாரையும் நம்பாதீங்க. என்னையும்தான்."

"சரிண்ணே," என்றார். கைப்பிடி இறங்கியது.